சதையில் குற்றமில்லை

(கண்ணமங்கலத்தில் நடந்த மாணவர் – செயல்பாட்டாளர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'மருத்துவத் தொழில்நுட்ப ஆராய்ச்சியும் நோயாளியும்' – இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கவிதை எழுதுறவன், பேங்க்ல கிளார்க் வேலை பாக்குறவன், இவனுக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்னு சிலபேர் நினைக்கலாம். மருத்துவத் தொழில்நுட்பம் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஸ்கேன் மெஷின். கதவுக்கு இந்தப் பக்கம் பில் கட்ட வரிசையில் நிற்கிறவர்கள் நாம். அந்த மெஷினைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு செருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் அளந்து, சோதித்து, தோற்று, மறுபடி செய்து பார்த்து உருவான ஒரு செருப்பு அது. பெயர் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். அது வளர்ந்த இடம் அமெரிக்கா இல்லை, ஜெர்மனி இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் வேலூர். வேலூரைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் போனால் கரிகிரி. அங்கே 1955ல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும், அதற்கு முன்பே வேலூர் சி.எம்.சி.யிலும் நடந்த வேலை அது. நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்து வேலை. நம்ம ஜனங்களுடைய பாதத்தில் நடந்த வேலை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். தொழுநோயைக் கிருமிதான் உண்டாக்குகிறது என்று நார்வேயில் ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். பூர்வஜென்ம பாவம், தெய்வ குத்தம், பரம்பரைச் சாபம் எல்லாம் அன்றைக்கே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. 1898ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். பிழைக்க வழியில்லாமல் பிச்சை எடுக்கிற தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடைக்கலாம். கவனியுங்கள்: ஏழைத் தொழுநோயாளியை மட்டும். பங்களாவில் இருந்தவனுக்கு அந்த வாரண்டும் இல்லை, அடைப்பும் இல்லை. அதே சட்டம் இன்னொன்றும் சொன்னது. அரசு அறிவிக்கை போட்டால், அந்த எல்லைக்குள் தொழுநோயாளி உணவுப் பண்டம் விற்கக் கூடாது, பொதுக் கிணற்றில் குளத்தில் தண்ணீர் எடுக்கத் தடை விதிக்கலாம், வாடகை வண்டியில் ஏறக் கூடாது. இதைப் படித்தபோது எனக்குப் புதுசாக எதையோ படிப்பது போலவே இல்லை. கிணறு, பண்டம், வண்டி. இந்த மூன்றையும் சட்டப் புத்தகம் இல்லாமலேயே நமக்குத் தடுத்து வைத்திருந்தவர்கள்தானே இந்த ஊர்க்காரர்கள். சேரிக்காரனுக்கு இந்த நோய் வந்தால் தீட்டு இரண்டு மடங்கு. ஊர் தள்ளி வைத்த சேரி, சேரியும் தள்ளி வைத்த ஆள்.

மருத்துவமும் ரொம்ப நாள் அந்த ஊர்க்காரன் மாதிரியேதான் யோசித்துக்கொண்டிருந்தது. தொழுநோயாளியின் சதையே கெட்ட சதை, அது தானாக அழுகும், விரல் தானாக உதிரும், கத்தி வைத்தால் ஆறாது என்று டாக்டர்களே நம்பினார்கள். கை மடங்கிப் போனால் மடங்கியதுதான். காலில் குழி விழுந்தால் விழுந்ததுதான்.

1946ல் சி.எம்.சி.க்கு பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914ல் பிறந்தது நம் கொல்லிமலையில். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றவர். இதை நான் சும்மா சொல்லவில்லை. கை வேலை தெரிந்தவருக்குக் கை மேல் ஒரு மரியாதை இருக்கும். செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதிக்குப் போனபோது மடங்கிப்போன கைகளைப் பார்த்து, 'இதுக்கு ஏன் யாரும் ஒண்ணும் செய்யல?' என்பதுதான் அவருக்கு எழுந்த கேள்வி. 1940களின் கடைசியில் வேலூரில் அறுவை சிகிச்சையை ஆரம்பித்தார்கள். முன்கையில் உயிரோடு இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டுவது. புண் ஆறியது. மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. கை விரிந்தது.

அப்படியென்றால் சதை கெட்டது இல்லை. பிறகு ஏன் விரல் குறைகிறது? அதைத்தான் துப்பறிவது மாதிரி அவர்கள் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பெரியவர்கள் திணறியபோது, ஒரு சிறுவன் வெறும் விரலால் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் விரல் எலும்பு வரைக்கும் கிழிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. சூடான ஏனத்தை அப்படியே பிடித்துத் தூக்குகிறார்கள், வலிக்கவில்லை. 1951ல் சி.எம்.சி. கல்லூரி வளாகத்தில் நோயாளிகளுக்காக ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். அங்கே ராத்திரி படுத்தவருக்குக் காலையில் விரல் நுனி இல்லை. காவல் இருந்து பார்த்தார்கள். எலி. தூக்கத்தில் எலி கடித்தது தெரியாத அளவுக்கு மரத்துப்போன விரல். அப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்களாம். ஒரு பூனை கூட மருத்துவத் தொழில்நுட்பம்தான் என்று நான் சொல்வேன்.

இதிலிருந்து கிடைத்த முடிவு என்ன? கிருமி நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்தால் வலி போகிறது. வலி போனால் காவல் போகிறது. அதற்குப் பிறகு உடம்பை அழிப்பது கிருமி இல்லை. கல், முள், நெருப்பு, ஆணி, எலி. சதையில் குற்றமில்லை, சதை இருக்கிற இடத்தில்தான் குற்றம்.

தோழர்களே, இந்த வாக்கியத்தை நீங்கள் வேறு எங்கேயோ கேட்டிருப்பீர்கள். நம் இயக்கம் ஆரம்பத்திலிருந்து சொல்லி வருவதும் இதைத்தான். பிறவியில் ஒன்றும் இல்லை, எங்களை வைத்திருக்கிற நிலைமையில்தான் எல்லாம் இருக்கிறது. சாதி, குற்றத்தை உடம்புக்குள்ளே வைக்கும். விஞ்ஞானம், நல்ல விஞ்ஞானமாக இருந்தால், அதை வெளியே எடுத்துக் காட்டும்.

*

இப்போது பாதத்துக்கு வருவோம். நாம் நடக்கும்போது நம் உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு இடத்தில் லேசாக வலித்தால் நமக்குத் தெரியாமலே பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றி வைக்கிறோம். வலி இல்லாத பாதம் அப்படி மாற்றாது. அதே இடத்தில், அதே பாரம், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடி. விரல் வேறு மடங்கிப் போயிருந்தால் மொத்தப் பாரமும் முன்பாதத்து எலும்பு முனையில் இறங்கும். உள்ளே சதை நசுங்கும், வீங்கும், சூடாகும், மேலே தோல் நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் பொத்துக்கொண்டு வரும். அதன் மேலேயே நடந்தால் சீழ் எலும்புக்குப் போகும். கடைசியில் ரம்பம்.

ஆகவே களிம்பு பூசுவது வைத்தியம் இல்லை. பாரத்தைப் பரப்புவதுதான் வைத்தியம். பச்சைப் புண்ணாக இருந்தால் மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுப்பது. இலங்கையில் 1930களிலேயே மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோய்ப் புண்ணுக்கு இந்தக் கட்டைப் போட்டிருக்கிறார். புண் ஆறிய பிறகு மறுபடி வராமல் இருக்கச் செருப்பு. அந்தச் செருப்புக்கு எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. ரொம்ப மெத்தென்றால் இரண்டே வாரத்தில் தட்டையாகிவிடும். ரொம்பக் கெட்டி என்றால் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்க ஷோர் என்று ஒரு அளவு உண்டு. அதில் சுமார் 15 என்ற இடத்தில் வந்து நின்றார்கள். மெஷின் இல்லாமலும் சோதிக்கலாம். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்தால் ரப்பர் பாதியளவுக்கு அமுங்கணும், விட்டால் பழையபடி எழும்பணும். கடையில் விற்கிற ஹவாய் செருப்பு அப்படி அமுங்காது.

மேலே இந்த ரப்பர். கீழே முள் குத்தாமல் இருக்கக் கெட்டியான ரப்பர். ஆணி கிடையாது, ஒட்டித் தைப்பதுதான், ஏனென்றால் ஆணி மேலே வந்து குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் வார், ஏனென்றால் மரத்த காலில் செருப்பு கழன்று போவதும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்துக்குப் பின்னாலும் ஒரு புண்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நீரிழிவுக்காரர்களின் காலைப் பார்க்கிறார்கள். அதே மரத்த பாதம், அதே புண், அதே ரம்பம். நம் பக்கத்தில் கற்ற பாடம் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் செய்கிற வைத்தியத்தின் அடிப்படை இந்தப் பாடம்தான். மாவுக்கட்டு, பாரம் பரப்பும் செருப்பு, நைலான் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற சோதனை எல்லாம் அதில் அடக்கம். ஐரோப்பியப் பணக்காரர் ஒருவருக்கு இன்று கால் மிச்சமாகிறது என்றால், அதில் பேர் தெரியாத ஒரு வட ஆற்காட்டுக்காரரின் புண்ணுக்கும் பங்கு இருக்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி. பிராண்டின் பெயர் நமக்குத் தெரிகிறது, தெரியத்தான் வேண்டும். அந்தச் செருப்பைத் தைத்த கைகளின் பெயர் என்ன? டாக்டர் 'இப்படி வேணும்' என்று சொல்வார். வாரை எங்கே வைத்தால் அறுக்காது, தையலை எங்கே போட்டால் உறுத்தாது என்பது குத்தூசி பிடித்த கைக்குத்தான் தெரியும். ஜெய்ப்பூர் காலின் கதையைக் கேட்டிருப்பீர்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு குந்த முடியவில்லை, வயலில் இறங்க முடியவில்லை என்று நோயாளிகள் தூக்கிப் போட்டபோது, 1968ல் ரப்பரில் புதிய பாதத்தைச் செய்து கொடுத்தவர் ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞர், பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ரப்பரை வார்க்க உதவியது டயர் ரீட்ரேடிங் கடை. 1981ல் மகசேசே விருது டாக்டர் சேத்திக்குப் போனது. சேத்தி தகுதியானவர்தான். ஆனாலும் விருது எந்தக் கைக்குப் போகும், எந்தக் கைக்குப் போகாது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது பாருங்கள். அந்த ஒழுங்குக்கு நமக்குப் பெயர் தெரியும்.

செருப்பு தைக்கிறவரை இந்த ஊர் எப்படிக் கூப்பிடுகிறது? தோலைத் தொட்டவன் தீட்டு. அந்தத் தீட்டுக் கைதான் காலைக் காப்பாற்றுகிற கருவியைச் செய்தது. இந்த வட்டாரத்து ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோலைச் சுரண்டி, சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் கை வெந்தவர்கள் பெரும்பாலும் யார்? அந்த ஷூ கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போகிறது. 1948லிருந்து சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனை அறிவு நம்மைச் சுற்றி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலுக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுக்கத் தெரிந்த மாவட்டத்துக்குச் சேரிக் கிழவியின் காலுக்கு அளவெடுக்கத் தெரியாதா?

*

சரி, செருப்பு வந்துவிட்டது. அரசுத் தொழுநோய்த் திட்டத்தில் ஊனமடைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகவே உண்டு. அதோடு கதை முடிந்ததா? நான் பேச வந்ததே இனிமேல்தான்.

டாக்டர் என்ன சொல்கிறார்? 'இந்தச் செருப்பைக் கழற்றாதே. வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கோ. ஒரு அடிகூட வெறுங்காலில் வைக்காதே.' நல்ல ஆலோசனை. ஆனால் அந்த நோயாளி சேரிக்காரராக இருந்தால்?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார், 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டாதே, சட்டை போடாதே என்று போகிற அந்தப் பட்டியலில் எட்டாவது தடை: குடை பிடிக்காதே, செருப்பு போடாதே. அது 1930, இப்போது எங்கே என்று கேட்பீர்கள். ஊர்த் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்த தாத்தாக்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. 'அப்பல்லாம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2015ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26லிருந்து நடைமுறையில் இருக்கிற அந்தத் திருத்தத்தில், பொது இடத்தில் தலித்துகளோ பழங்குடியினரோ செருப்பு போடுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், புதுத்துணி, கல்யாண ஊர்வலம், இவற்றோடு செருப்பும். நடக்காத ஒன்றுக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் பார்லிமெண்ட் சட்டம் போடுமா?

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'ஒரு அடிகூட வெறுங்காலில் வைக்காதே' என்கிறது மருத்துவம். 'எங்கள் தெருவில் செருப்போடு ஒரு அடிகூட வைக்காதே' என்கிறது சாதி. நடுவில் நிற்கிறது உணர்ச்சியில்லாத ஒரு பாதம். ரப்பரின் ஷோர் அளவைச் சரியாகக் கண்டுபிடித்த விஞ்ஞானத்துக்கு இந்தத் தெருவின் கெட்டித்தன்மையை அளக்கக் கருவி இல்லை. ஐம்பது மீட்டர் தெருதானே, கழற்றிக்கொண்டு போனால் என்ன என்பவனுக்குக் காலில் வலி இருக்கிறது. இந்தக் காலுக்கு அந்த ஐம்பது மீட்டரில் ஒரு கண்ணாடிச் சில் போதும்.

இன்னொரு தடையும் உண்டு. எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே 'இவன் அந்த நோய்க்காரன்' என்று தெரிந்துவிடுகிறது. அதனாலேயே வாங்கி வீட்டு மூலையில் வைத்துவிட்டு வெறுங்காலில் நடக்கிறார்கள். இதை ஆய்வாளர்களே பல இடங்களில் பதிவு செய்து, பிறகு கடைச் செருப்பு மாதிரியே தெரிகிற வடிவங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அதுவும் ஆராய்ச்சிதான். அவமானமும் ஒரு பாரம், அதையும் பரப்ப வேண்டியிருக்கிறது. வேலை இன்னொரு தடை. கழனியில் நாற்று நடுகிற பெண் எந்தச் செருப்போடு சேற்றில் இறங்குவாள்?

என் வேலையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிளையில் ஒரு ஆயா வந்தார், முதியோர் பணம் எடுக்க. அவர் கையில் நான்கு விரல் மொட்டை. கைரேகை மெஷினில் வைத்து வைத்துப் பார்த்து, 'ரேகை விழல, போம்மா' என்று வெளியே ஒருத்தர் அனுப்பிவிட்டிருக்கிறார். கவுண்டரில் வந்து என்னிடம் ஆயா சொன்னது: "ரேகை இல்லாட்டி இன்னா சாரு? ஆளு நான் முன்னாடி நிக்கிறேன் இல்ல?" பணம் எடுக்கும் படிவம் எழுதி, சாட்சி வைத்துப் பணத்தைக் கொடுத்தோம். அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு தொழில்நுட்பம் இருக்கிற பாதத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டு அமுங்குகிறது. இன்னொரு தொழில்நுட்பம் தனக்கு ஏற்ற விரல் இல்லையென்றால் ஆளையே இல்லை என்கிறது. எந்தக் கருவியைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: யார் யாருக்காக அமுங்குகிறார்கள்?

*

தொழுநோய் ஒழிந்துவிட்டதாக ஒரு எண்ணம் இருக்கிறது. 2005 கடைசியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், நாட்டளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். கூட்டு மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். ஆனால் செத்த நரம்பு திரும்பாது. மருந்து முடிந்த பிறகும் அந்தப் பாதத்துக்கு ஆயுள் முழுக்கச் செருப்பு வேண்டும். அந்த 1898 சட்டத்தை எப்போது நீக்கினார்கள் தெரியுமா? 2016ல். நூற்றுப் பதினெட்டு வருஷம்.

இந்தப் பக்கம் சர்க்கரை. 2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்கில் நாட்டில் 10 கோடிக்கு மேல் நீரிழிவுக்காரர்கள். அது பணக்கார வியாதி என்கிற காலம் போய்விட்டது. ரேஷன் அரிசி சாப்பிட்டுக் கூலிக்குப் போகிறவருக்கும் இருக்கிறது. கால் மரத்தது தெரியாமல் தார் ரோட்டில் வெறுங்காலில் நடக்கிறார். அவருக்குக் கால் போனால் கூலி போகிறது, கூலி போனால் அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு போகிறது.

அதனால் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். கைதட்டிவிட்டுப் போகிற கூட்டமாக இது இருக்கக் கூடாது.

ஒன்று. உங்கள் சேரியில், உங்கள் மலையூரில், பெரியவர்களின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆமாம், தொட்டு. கண்ணை மூடச் சொல்லி லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கிற அம்மாவிடம், 'பாதத்தையும் பாருங்கம்மா' என்று கேளுங்கள்.

இரண்டு. மரத்த காலுக்குத் தினமும் செய்ய வேண்டியதற்குக் காசு வேண்டாம். ராத்திரி விளக்கில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, தண்ணீரில் ஊற வைப்பது, காய்ப்பைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூசுவது. புண் இருந்தால் ஊறவைக்காமல், நடக்காமல், நேரே மருத்துவமனை.

மூன்று. தொழுநோய்க்குச் செருப்பு இலவசம் என்பது போல, உணர்ச்சியற்ற பாதம் எந்த நோயால் வந்தாலும் அரசு மருத்துவமனையில் சரியான செருப்பு கொடு என்று கேட்போம். அதைத் தைக்க நம் செருப்புத் தொழிலாளிகளுக்கே பயிற்சி கொடு, சம்பளத்தோடு, தொழில்நுட்பர் என்ற பதவிப் பெயரோடு. இங்கே இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். கழனிச் சேற்றுக்கு ஒரு காலணி இன்னும் பாக்கி இருக்கிறது. புராஜெக்ட் செய்ய வேறு தலைப்புத் தேட வேண்டாம்.

நான்கு. எந்தத் தெருவிலாவது செருப்பைக் கழற்றச் சொன்னால் அது வன்கொடுமை. புகார் எழுதுங்கள், சட்டப் பிரிவு இருக்கிறது. நோயாளிக்காக இருந்தால் டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். செருப்பு நமக்கு மரியாதை மட்டும் இல்லை, மருந்து. மருந்தைப் பிடுங்குகிறவனை என்னவென்று சொல்வீர்களோ அதையே அவனுக்கும் சொல்லுங்கள்.

மெத்தென்ற அடித்தட்டைக் கரிகிரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அது பாதி வேலை. அதைப் போட்டுக்கொண்டு எல்லாத் தெருவிலும் நடக்கிற மீதி வேலையை எந்த ஆராய்ச்சிக்கூடமும் நமக்காகச் செய்து தராது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.